பழைய பிக்கப்: எத்தனை இஞ்ச் தூக்கலாம், எந்த டயர் போடலாம்?

செம்மண்தடம்

வணக்கம். 1993 மாடல் ஹைலக்ஸ், ஃபோர் வீல் டிரைவ், டீசல், மேனுவல் கியர். சமீபத்தில்தான் கைக்கு வந்தது. முன்னால் டார்ஷன் பார் (முறுக்கத்தால் ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி), பின்னால் லீஃப் ஸ்பிரிங் பட்டை. இன்ஜினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சேசிஸில் மேல்துரு மட்டும்தான், சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டேன். ஆனால் வண்டி நிற்கிற நிலையைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. காலியாக இருக்கும்போதே பின்பக்கம் உட்கார்ந்திருக்கிறது, டிரைவர் பக்கம் கொஞ்சம் சாய்வு வேறு.

என் யோசனை இது: வண்டியை 4 இஞ்ச் உயர்த்தும் லிஃப்ட் கிட், அதோடு 33×12.50 ஆர்15 மட் டயர் (விட்டம் 33 இஞ்ச், அகலம் 12.50, டிஸ்க் விட்டம் 15). இப்போது ஓடுவது 225/75 ஆர்15. டிஸ்க் (டயர் ஏறுகிற வீல்) 7 இஞ்ச் அகலம், ஆக்சில் விகிதம் 4.10 (ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் 4.10 சுற்றினால் வீல் ஒரு சுற்று). ஓட்டம் பெரும்பாலும் தார் ரோடு. அவ்வப்போது கல்லும் சேறுமான பாதை, நடுவில் ஓடை இறங்கி ஏற வேண்டியிருக்கும். பின்னால் அரை டன்னுக்குள் லோடு.

இதை நானே ஜாக்கி வைத்துச் செய்ய முடியுமா? கிட் முதலில் வாங்குவதா, டயர் முதலில் வாங்குவதா?

டீசல்புகை

33 போட்டால்தான் பிக்கப்புக்கே ஒரு கம்பீரம். 31 போட்டவர்கள் பாதிப் பேர் கடைசியில் 33க்குத்தான் வருகிறார்கள். ரெண்டு தடவை செலவு எதுக்கு? நேராக அங்கேயே போயிடுங்க.

நாலுபட்டை

செம்மண்தடம், கிட்டும் வேண்டாம் டயரும் வேண்டாம், முதலில் ஒரு டேப் எடுங்கள்.

சமதளத்தில் நிறுத்தி, நாலு டயரிலும் காற்று பார்த்துவிட்டு, ஹப்பின் நடுவிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளக்க வேண்டாம். டயர் தேய்மானமும் காற்றும் அந்தக் கணக்கைக் கெடுத்துவிடும். மட்கார்டில் ஒரு துண்டு பேப்பர் டேப் ஒட்டி அதிலேயே பேனாவால் எண்ணைக் குறித்து வைத்தால், வேலை முடிகிறவரை ஒப்பிட வசதியாக இருக்கும்.

அடுத்து கீழே படுத்துப் பாருங்கள். பட்டை வளைவு இழந்து தட்டையானால் அதன் நீளம் கூடும், ஷாக்கிளை (பட்டையின் பின்முனையைச் சேசிஸோடு பிணைக்கும் ஆடு இணைப்பு) பின்னோக்கித் தள்ளியிருக்கும். பட்டைகளுக்கு நடுவே துரு வீங்கியிருக்கிறதா, ஏதாவது ஒரு பட்டை முறிந்திருக்கிறதா, ஷாக்கிள் புஷ் ரப்பர் ஒரு பக்கமாகப் பிதுங்கியிருக்கிறதா, பாருங்கள். ஒரு பக்கச் சாய்வு சும்மா வராது. பின்னால் முறிந்த பட்டை இருக்கும், இல்லை முன்னால் ஒரு டார்ஷன் பார் களைத்திருக்கும்.

முப்பது வருஷ வண்டி. நீங்கள் தேடுகிற 4 இஞ்சில் ஒரு பங்கு, அது தொழிற்சாலையிலிருந்து வரும்போது வைத்திருந்து பிறகு இழந்த உயரம். அதைத் திரும்பக் கொடுத்த பிறகு எவ்வளவு பாக்கி என்று பாருங்கள்.

செம்மண்தடம்

அளந்துவிட்டேன் அண்ணா. முன்னால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். பின்னால் டிரைவர் பக்கம் 28 மி.மீ. குறைவு. நீங்கள் சொன்னது சரிதான், கீழிருந்து பார்த்தால் தெரியவில்லை, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தபோது இரண்டாவது பட்டையில் கிளாம்புக்குப் பக்கத்தில் கோடு போல விரிசல். விரலை வைத்தால் நகம் மாட்டுகிறது. ஷாக்கிள் இரண்டுமே பின்னால் சாய்ந்துதான் இருக்கிறது. முன் ஷாக் ஒன்றில் எண்ணெய்க் கசிவு.

கிரீஸ்கை

அப்படியென்றால் பின்பட்டை செட் எப்படியும் மாற்ற வேண்டியதுதான். முறிந்த பட்டையோடு லோடு ஏற்றாதீர்கள்.

லிஃப்ட் பற்றி ஒரு விஷயம். இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். சஸ்பென்ஷன் லிஃப்ட் பின் ஆக்சிலை ஒரு மி.மீ. கூட உயர்த்தாது. ஆக்சில் டயரின் நடுவில் இருக்கிறது, டிஃபரன்ஷியல் உருண்டை அங்கேயே தொங்கும். பாறையில் முதலில் இடிப்பது அதுதான். அதை உயர்த்த ஒரே வழி பெரிய டயர், அதுவும் விட்டம் கூடுகிறதில் பாதிதான் கிடைக்கும்.

உங்கள் 225/75 ஆர்15 சுமார் 718 மி.மீ. விட்டம். 31×10.50 என்றால் பெயரளவில் 787. வித்தியாசம் 69, ஆக்சிலுக்குக் கீழே கூடுவது 34 மி.மீ. 33 என்றால் 838, கூடுவது 60 மி.மீ. 4 இஞ்ச் கிட் மட்டும் போட்டுப் பழைய டயரோடு விட்டால் பின்னால் டிஃபரன்ஷியலுக்குக் கீழே கூடுவது பூஜ்யம்.

முன்பக்கம் கொஞ்சம் வேறு. உங்கள் வண்டியில் முன் டிஃபரன்ஷியல் சேசிஸோடு மாட்டியிருக்கிறது, டார்ஷன் பாரை முறுக்கினால் அதுவும் சேர்ந்து எழும். ஆனால் 4 இஞ்ச் கிட் வேலை செய்கிற விதம் அப்படியில்லை. அது கீழ் ஆர்ம், டிஃபரன்ஷியல் எல்லாவற்றையும் பிராக்கெட் வைத்து இறக்கிவிட்டு சேசிஸை மட்டும் தூக்குகிறது. சிவி ஷாஃப்ட் (முன்வீலைச் சுற்றவைக்கும் மடங்கு ஷாஃப்ட்) கோணம் கெடாமல் இருக்க அதுதான் வழி, தப்பில்லை. ஆனால் சேசிஸ் வானத்தில் இருக்கும், டிஃபரன்ஷியல் பழைய இடத்திலேயே இருக்கும்.

ஆக, டயரை முதலில் முடிவு செய்யுங்கள். அந்த டயர் உரசாமல் சுற்ற எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு லிஃப்ட்.

டீசல்புகை

> அவ்வளவு லிஃப்ட்

சரி அண்ணே, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ராம்ப் ஏறும்போது நடு வயிறு தட்டுவது, முன் பம்பர் கரையில் இடிப்பது, இதற்கெல்லாம் லிஃப்ட் உதவுமே? அவர் ஓடை இறங்கி ஏறுகிறார்.

கிரீஸ்கை

உதவும், மறுக்கவில்லை. அணுகுகோணமும் நடுவயிற்று இடைவெளியும் கூடும். அதற்கு 4 இஞ்ச் வேண்டுமா என்பதுதான் கேள்வி. உயரம் கூடக் கூட வளைவில் சாய்வும் கூடும், பின்னால் லோடு இருந்தால் இன்னும் மோசம். அவர் வண்டி பெரும்பாலும் தார் ரோட்டில் ஓடுகிறது.

ஓடைக்கல்

33க்கு இன்னொரு கணக்கு பாக்கி இருக்கிறது. 838ஐ 718ஆல் வகுத்தால் 1.17. உங்கள் 4.10 ஆக்சில் 3.5 போல நடந்துகொள்ளும். டர்போ இல்லாத பழைய டீசலில் மேட்டில் ஐந்தாம் கியரை மறந்துவிட வேண்டியதுதான். பழைய இழுவை வேண்டுமென்றால் 4.88 கியர் வேண்டும், முன்னால் பின்னால் இரண்டிலும். முன்னும் பின்னும் விகிதம் வேறுபட்டால் ஃபோர் வீல் போட்ட நிமிஷமே டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சிலுக்கு இழுவையைப் பிரிக்கும் பெட்டி) திணறும்.

31 என்றால் 9.6 சதவீதம்தான் வித்தியாசம். 4.10 என்பது 3.74 போல ஓடும். கொஞ்சம் மந்தம் தெரியும், தாங்கிக்கொள்ளலாம். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது உண்மையில் 87, 88 போய்க்கொண்டிருப்பீர்கள். ஓடோமீட்டரும் அதே விகிதத்தில் குறைத்துக் காட்டும். அதனால் மைலேஜ் கணக்குப் போடும்போது திருத்திக்கொள்ளுங்கள். நிறையப் பேர் 'பெரிய டயர் போட்டதும் மைலேஜ் பாதியாகிவிட்டது' என்று புலம்புவதில் ஒரு பங்கு இந்தக் கணக்குப் பிழைதான்.

இன்னொன்றும் சொல்கிறேன். இந்தத் தலைமுறை டொயோட்டா பிக்கப் அமெரிக்கச் சந்தையில் உயர்ரகங்களில் தொழிற்சாலையிலிருந்தே 31×10.50 ஆர்15 டயரோடு வந்தது, அகல மட்கார்டு விளிம்போடு. லிஃப்ட் எதுவும் இல்லாமல்.

செம்மண்தடம்

அது தெரியாது! அப்போ 31க்கு லிஃப்ட்டே தேவையில்லையா?

ஓடைக்கல்

வண்டி அசல் உயரத்தில் இருந்தால், அசல் ஆஃப்செட் (டயர் எவ்வளவு உள்ளே, வெளியே நிற்கும் என்ற அளவு) உள்ள டிஸ்க் இருந்தால், பெரும்பாலும் தேவையில்லை. இரண்டாவது 'இருந்தால்' முக்கியம். கடையில் அழகுக்காக வெளியே துருத்துகிற டிஸ்க் மாட்டினால், ஸ்டீயரிங் திருப்பும்போது டயர் பெரிய வட்டம் போட்டு மட்கார்டின் பின்கீழ் மூலையில் போய் உரசும். லிஃப்ட் பற்றாமல் உரசுகிறது என்று நினைத்து இன்னும் தூக்குவார்கள். பிரச்சினை டிஸ்க்கில் இருக்கும். வெளியே தள்ளிய டயர் வீல் பேரிங்கையும் ஸ்டீயரிங் பாகங்களையும் கூடுதல் நெம்புகோலில் இழுக்கிறது, அது வேறு.

உங்கள் 7 இஞ்ச் டிஸ்க் 31×10.50க்கு அனுமதித்த அகலத்தில் குறைந்தபட்சம். 7 முதல் 9 வரை போகலாம். 7இல் டயர் கொஞ்சம் உப்பி நிற்கும், பக்கச்சுவர் பத்திரமாக இருக்கும். 12.50 அகல டயரை 7இல் ஏற்றுகிற பேச்சே வேண்டாம்.

பின்லோடு

நான் லோடு ஓட்டுகிறவன், அதனால் என் கவலை வேறு. பின்பட்டைக்கு என்ன செய்யப் போகிறீர்கள்? கடைக்காரர்கள் முதலில் காட்டுவது பிளாக். மலிவு, அரை நாள் வேலை. 

செம்மண்தடம்

பிளாக் பற்றித்தான் கேட்க இருந்தேன். ஒரு பட்டறையில் 'பழைய பட்டையிலேயே 3 இஞ்ச் பிளாக் வைத்துவிடலாம்' என்றார்கள். வேறொருவர் ஷாக்கிளை நீளமாக்கினால் போதும் என்கிறார்.

நாலுபட்டை

முறிந்த பட்டைக்கு மேல் பிளாக்கா? வேண்டாம்.

பிளாக் என்பது ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே வைக்கிற கட்டி. பட்டை மாறவில்லை, அதனால் சவாரி மாறாது, அது அதன் நல்ல குணம். கெட்ட குணம் முறுக்கம். ஆக்சிலைப் பட்டையிலிருந்து தள்ளிப் பிடிப்பதால், கிளட்ச் விட்டு அழுத்தும்போது ஆக்சில் உருளப் பார்க்கும், பட்டை எஸ் வடிவத்தில் வளையும். களைத்த பட்டையில் அது இன்னும் அதிகம். ஒரு இஞ்ச், ஒன்றரை இஞ்ச் நல்ல பட்டைமேல் வைத்தால் சண்டை போட மாட்டேன். ஒன்றின்மேல் ஒன்று அடுக்குவது கூடவே கூடாது. பட்டை முன்ஆக்சில் உள்ள வண்டிகளில் முன்னால் பிளாக் வைப்பதும் கூடாது, பிரேக் பிடிக்கும்போது அது நழுவினால் ஸ்டீயரிங் உங்கள் கையில் இருக்காது.

ஷாக்கிள் கணக்கு எளிது: 2 இஞ்ச் நீட்டினால் உயரம் கூடுவது ஏறக்குறைய 1 இஞ்ச். அதற்கு விலையாக பின் ஆக்சிலின் பினியன் கோணம் (ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் ஆக்சிலில் சேரும் கோணம்) திரும்பும், பக்கவாட்டு ஆட்டமும் கூடும். களைத்த பட்டைக்குப் பூசுகிற பவுடர் அது, நோய் அப்படியே இருக்கும்.

கூடுதல் பட்டை ஒன்றைச் செருகுவது பரவாயில்லை. ஆனால் ஒரே ஒரு கெட்டிப் பட்டையை களைத்த செட்டுக்குள் வைத்தால் வேலை எல்லாம் அது ஒன்றின் தலையில் விழும். காலியாக ஓடும்போது முதுகு ஒடியும்.

உங்களுக்குப் புது செட். நிரந்தர லோடுக்கு என்று செய்த கெட்டிச் செட்டை வாங்கிவிடாதீர்கள். எப்போதும் முந்நூறு கிலோ பின்னால் வைத்திருப்பவர்களுக்கு அது. நீங்கள் காலியாகவும் ஓட்டுகிறீர்கள், நடுத்தர செட் எடுங்கள். அதில் அசல் உயரத்தைவிட ஒன்றரை இஞ்ச், இரண்டு இஞ்ச் கூடுதலாகக் கிடைக்கும். யூ போல்ட் (பட்டையை ஆக்சிலோடு கட்டுவது) புதிது, புஷ் புதிது, சென்டர் போல்ட் புதிது. பழைய யூ போல்ட்டை மறுபடி இறுக்குவது என்பது ஏற்கெனவே இழுபட்டு நீண்ட கம்பியை நம்புவது.

கிரீஸ்கை

இந்த இடத்தில் பிரேக் பற்றிச் சொல்லியாக வேண்டும், யாரும் சொல்லவில்லை.

பின் ஆக்சிலுக்கு மேலே, சேசிஸில் ஒரு வால்வு இருக்கும், அதிலிருந்து ஒரு நீளக் கம்பி ஆக்சிலுக்கு வரும். லோடுக்கு ஏற்ப பின் பிரேக் அழுத்தத்தை மாற்றுகிற வால்வு அது. பின்பக்கம் உட்கார்ந்தால் 'லோடு இருக்கிறது' என்று அழுத்தம் கூட்டும். எழுந்தால் 'காலி' என்று குறைக்கும். நீங்கள் இரண்டு இஞ்ச் தூக்கினால் அந்த வால்வுக்கு வண்டி எப்போதும் காலி. அரை டன் ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் வரும்போது பின் பிரேக் பாதிதான் வேலை செய்யும், முன் பேட் சீக்கிரம் தேயும், நிற்கிற தூரம் கூடும். ஆக்சில் பக்கம் அந்தக் கம்பி பிடிக்கிற பிராக்கெட்டை, தூக்கிய அளவுக்கு உயர்த்த வேண்டும். பிறகு சர்வீஸ் மேனுவலில் உள்ள முறைப்படி சரிபார்க்க வேண்டும். வால்வையே கழற்றி எறிகிறவர்களும் உண்டு. காலி வண்டியில் மழை ரோட்டில் பின்வீல் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி திரும்பி நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

அதோடு பின் ஆக்சிலுக்கு வருகிற ரப்பர் பிரேக் ஹோஸ். ஆக்சில் முழுதாகத் தொங்கும்போது அது இழுபடக் கூடாது. இழுத்தால் நீளமான ஹோஸ்.

டீசல்புகை

சரி, நான் 33 பற்றி இனி வாய் திறக்கவில்லை :) ஆனால் முன்பக்கம் டார்ஷன் பாரை முறுக்கியே நிறைய உயர்த்தலாமே? என் நண்பர் வண்டியில் போல்ட் முடிகிறவரை முறுக்கிவிட்டார்கள். நல்ல உயரம். சவாரி கல் மாதிரி கெட்டி, ஏனென்றால் முறுக்க முறுக்க ஸ்பிரிங் கெட்டியாகிறது.

நாலுபட்டை

இல்லை தம்பி. முறுக்கினால் ஸ்பிரிங் கெட்டியாவதில்லை. பாரின் கெட்டித்தன்மை அதன் விட்டம், நீளம், எஃகு, இவ்வளவுதான். விட்டத்தின் நாலாவது மடியில் ஏறும். 24 மி.மீ. பாருக்குப் பதில் 25 போட்டால் ஏறக்குறைய 18 சதவீதம் கெட்டி. ஆனால் அதே பாரை எவ்வளவு முறுக்கினாலும் அதே பார்தான், நிற்கிற உயரம் மட்டும் மாறும்.

அப்புறம் ஏன் கல் மாதிரி இருக்கிறது? வண்டி எழும்போது மேல் ஆர்ம் கீழ்நோக்கிப் போய், தொங்கல் ரப்பர் ஸ்டாப்பில் ஒட்டிக்கொள்கிறது. பள்ளத்தில் வீல் இறங்க இடமே இல்லை. சின்னப் பள்ளத்துக்கும் ஆர்ம் ஸ்டாப்பில் மோதி 'டக்' என்கிறது. உங்கள் நண்பர் அதைக் கெட்டி என்கிறார். அந்த ஸ்டாப்புக்கு இடைவெளி இருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள், விரல் நுழையாது.

அதனால் அளவு: செம்மண்தடம் வண்டி எவ்வளவு இறங்கியிருக்கிறதோ அதைத் திரும்ப ஏற்றி, அதற்குமேல் ஒரு இஞ்ச். சிவி பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசாத கோணம். இன்னும் வேண்டுமென்றால் மேல் ஆர்முக்கும் பால் ஜாயின்ட்டுக்கும் நடுவே வைக்கிற ஸ்பேசர் உண்டு. அது பாரை முறுக்காமல் உயர்த்தும், மேல் ஆர்ம் ஸ்டாப்பில் போய் ஒட்டாது. ஆனால் கீழ் ஆர்மும் சிவி ஷாஃப்ட்டும் அதே அளவுக்கு இறங்கத்தான் செய்யும், அதிலிருந்து தப்பிக்க வழியில்லை.

முன்னால் மேனுவல் லாக்கிங் ஹப் (வீலை சிவி ஷாஃப்ட்டோடு சேர்க்க, பிரிக்கக் கையால் திருகுவது) இருந்தால் கொஞ்சம் நிம்மதி. தார் ரோட்டில் ஹப்பைத் திறந்து வைத்தால் சிவி ஷாஃப்ட் சுற்றாது, பூட் நாள்படும்.

செம்மண்தடம்

மேனுவல் ஹப்தான். முறுக்குவது எப்படி, நேராக ஸ்பேனர் போட்டுவிடலாமா?

நாலுபட்டை

வண்டி தரையில் நிற்கும்போது பாரை முறுக்குகிற நட்டைத் திருகாதீர்கள். முன் எடை முழுவதும் அந்த மரையில் உட்கார்ந்திருக்கும், துருப்பிடித்த மரை உருவிக்கொண்டு போகும். சில நாள் முன்பிருந்தே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள், வயர் பிரஷ்ஷால் மரையைச் சுத்தம் செய்யுங்கள். பிறகு சேசிஸில் ஜாக்கி கொடுத்து, ஸ்டாண்டில் நிறுத்தி, வீலைத் தொங்கவிட்டு, கிரீஸ் பூசித் திருகுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்க வேண்டாம்.

இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் சுற்று வைத்தால் சமமாகிவிடும் என்று நினைக்காதீர்கள். இறக்கி, கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டி, பிறகு அளங்கள். ஜாக்கியிலிருந்து இறங்கிய உடனே டயர் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு வண்டி பொய் உயரம் காட்டும், உருட்டினால்தான் உட்காரும்.

பாரைக் கழற்ற நேர்ந்தால் இடது வலது மாற்றி மாட்டக் கூடாது. வருஷக்கணக்கில் ஒரு திசையில் முறுக்குண்டு பழகியது, எதிர்த்திசையில் போட்டால் முறியும். பற்சக்கர முனையில் பெயின்ட் குறி வைத்துவிட்டுத்தான் உருவ வேண்டும்.

ஓடைக்கல்

டயர் வகைக்கு வருவோம். செம்மண்தடம் மட் டயர் என்றீர்கள். உங்கள் ஓட்டத்துக்கு ஏடி (ஆல் டெரைன், எல்லாத் தரைக்குமான டயர்) போதும் என்பது என் கருத்து, அதில் கொஞ்சம் முரட்டுப் பக்கம்.

மட் டயரின் கட்டைகள் பெரிது, நடுவில் வாய்க்கால் பெரிது. சுற்றும்போது சேற்றை உதறிவிடும், அதற்காகவே பிறந்தது. ஆனால் கட்டைகளில் மெல்லிய கீறல்கள் குறைவு. நனைந்த தார் ரோட்டில் பிடிப்பது அந்தக் கீறல்களின் விளிம்புகள்தான். ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டியில், காலிப் பின்பக்கத்தோடு, மழையில் மட் டயர் எனக்குப் பிடிக்காது. சத்தம் ஆரம்பத்தில் ரசிக்கலாம், தேய்மானம் சமமில்லாமல் போனதும் ஹெலிகாப்டர்.

சேறு ஆழமில்லாமல் அடியில் கெட்டி நிலம் இருந்தால் அகலத்தைவிடக் குறுகல் டயர் கீழே வெட்டி இறங்கிப் பிடிக்கும். அதனால் 30×9.50 ஆர்15ஐயும் யோசியுங்கள். 762 மி.மீ., ஆறு சதவீதம்தான் கூடுதல், எடை குறைவு, 7 இஞ்ச் டிஸ்க்கில் தாராளமாக உட்காரும். மணலுக்கு அகலம் நல்லது என்பார்கள். அதிலும் காற்றைக் குறைப்பதுதான் பெரிய வித்தியாசம், டயர் தரையைத் தொடுகிற தடம் நீளமாகிறது.

பின்லோடு

லோடு எண்ணையும் பாருங்கள். பக்கச்சுவரில் 31×10.50 ஆர்15க்கு வழக்கமாக 109 இருக்கும், ஒரு டயருக்கு 1030 கிலோ. 30×9.50க்கு 104, அதாவது 900 கிலோ. இரண்டுமே அரை டன்னுக்குப் போதும். ஆனால் அந்த எண் முழுக் காற்றில், லோடு ரேஞ்ச் (டயரின் பலத் தரம்) சி என்றால் 50 பிஎஸ்ஐயில். கதவு ஸ்டிக்கரில் இருப்பது பழைய டயரின் காற்று, அதை இதற்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. கடைக்காரர் லோடு ரேஞ்ச் இ வைத்திருக்கிறேன், இன்னும் பலம் என்பார். பத்து அடுக்குக்குச் சமமான தரம், காலி வண்டியில் குதித்துக்கொண்டே வரும்.

காலி ஓட்டத்துக்கான காற்றைக் கண்டுபிடிக்க சாக்பீஸ் போதும். டயரின் அகலம் முழுக்க ஒரு பட்டை சாக்பீஸ் தேய்த்து, நேர் ரோட்டில் கொஞ்சதூரம் ஓட்டிப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. லோடு ஏற்றும் நாளில் பின்னால் கூட்டிக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது தேதி எண். நாலு இலக்கம், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். 'புது டயர்தான் சார், ஸ்டாக்கில் இருந்தது' என்று நாலு வருஷம் தூங்கியதைத் தலையில் கட்டுவார்கள். மறுபக்கச் சுவரில் தேதி இருந்தால் குனிந்து பாருங்கள், கூச்சப்பட வேண்டாம்.

ஐந்தாக வாங்குங்கள். ஸ்டெப்னி பழைய அளவில் இருந்தால், ஃபோர் வீல் போட வேண்டிய இடத்தில் பஞ்சரானால் அதைப் பயன்படுத்த முடியாது. உங்கள் வண்டியில் நடு டிஃபரன்ஷியல் கிடையாது, விட்டம் வேறுபட்டால் கியர்களுக்குள் முறுக்கு ஏறும். அடியில் ஸ்டெப்னி தொங்குகிற இடத்தில் 31 உள்ளே போகிறதா என்பதையும் அளந்துகொள்ளுங்கள்.

செம்மண்தடம்

எல்லாவற்றையும் படித்துவிட்டு முடிவுக்கு வந்தேன். 31×10.50 ஆர்15 ஏடி, ஐந்து. அசல் 7 இஞ்ச் டிஸ்க்கே. பின்னால் நடுத்தரப் பட்டை செட், முன்னால் டார்ஷன் பார் சரிசெய்தல், நாலு ஷாக். பாடி லிஃப்ட் ஒன்று சொன்னார்கள், அது எதற்கு?

கிரீஸ்கை

சேசிஸ் அங்கேயே இருக்க, உடம்பை மட்டும் கட்டி வைத்துத் தூக்குவது. டயருக்கு இடம் கிடைக்கும், வேறொன்றும் கிடைக்காது. ஸ்டீயரிங் ஷாஃப்ட், ரேடியேட்டர் ஃபேன் மூடி, டீசல் நிரப்பும் குழாய், கியர் லீவர் எல்லாவற்றையும் சரிசெய்ய வேண்டும். 31க்குத் தேவையே இல்லை.

ஷாக் வாங்கும்போது 'இரண்டு இஞ்ச் லிஃப்ட்டுக்கு' என்ற பெட்டியை மட்டும் நம்பாதீர்கள். புதுப் பட்டை மாட்டிய பிறகு, ஆக்சில் முழுதாகத் தொங்கும்போது ஒரு அளவு, பம்ப் ஸ்டாப் (ஆக்சில் சேசிஸில் மோதாமல் தடுக்கும் ரப்பர்) அமுங்கும்போது ஒரு அளவு, மேல் மவுன்ட்டிலிருந்து கீழ் மவுன்ட் வரை. ஷாக்கின் விரிந்த நீளம் முதலாவதைவிடக் கூடுதலாகவும், சுருங்கிய நீளம் இரண்டாவதைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஷாக்கே ஸ்டாப்பாக வேலை செய்து உடையும்.

ரப்பர் புஷ் உள்ள போல்ட்களை வண்டி தரையில் நின்ற பிறகு இறுக்குங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். அப்புறம் உங்கள் நாட்டில் உயரத்துக்கும் டயர் அளவுக்கும் என்ன விதி, இன்ஷூரன்ஸுக்குச் சொல்ல வேண்டுமா என்பதைப் பார்த்துவிட்டு ஸ்பேனரை எடுங்கள்.

செம்மண்தடம்

வேலை முடிந்தது. பின்பட்டை நானும் ஒரு நண்பரும் சேர்ந்து மாட்டினோம். பழைய யூ போல்ட் நட்டு திரும்பவே இல்லை, அறுத்துத்தான் எடுத்தோம். எப்படியும் புதிதுதான் போட வேண்டும் என்று நீங்கள் சொல்லியிருந்ததால் கவலைப்படவில்லை. சாய்வு போய்விட்டது. வால்வுக் கம்பியின் பிராக்கெட்டை உயர்த்தி, பட்டறையில் பிரேக் அழுத்தம் பார்த்துவிட்டேன். முன்னால் தொங்கல் ஸ்டாப்புக்கு இன்னும் நல்ல இடைவெளி இருக்கிறது.

31 உள்ளே போய்விட்டது. முழுசாகத் திருப்பிக்கொண்டு ரிவர்ஸ் எடுக்கும்போது முன் வலது மட்ஃப்ளாப்பில் மட்டும் 'சர்' என்று ஒரு உரசல்.

ஒரு பிரச்சினை: முதல் கியரில் கிளம்பும்போது இருக்கைக்குக் கீழே நடுக்கம். வேகம் எடுத்ததும் போய்விடுகிறது. டயர் பேலன்ஸ் செய்தாகிவிட்டது.

ஓடைக்கல்

மட்ஃப்ளாப்பின் ஸ்குரூவைக் கழற்றி ஒரு விரல் பின்னால் தள்ளி மாட்டுங்கள், போதும். ஒரு பக்க வீலைக் கட்டைமேல் ஏற்றி சஸ்பென்ஷனை அமுக்கி வைத்துக்கொண்டும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். சமதளத்தில் உரசாதது பள்ளத்தில் உரசும்.

நாலுபட்டை

கிளம்பும்போது மட்டும் நடுக்கம் என்றால் டயர் இல்லை. உங்களுடையது இரண்டு துண்டு ப்ரொப்பல்லர் ஷாஃப்ட், நடுவில் சென்டர் பேரிங். பின்பக்கம் உயர்ந்ததும் இரண்டாவது துண்டின் கோணம் கூடிவிட்டது. முதலில் கிராஸ் ஜாயின்ட் ஆட்டமும் சென்டர் பேரிங் ரப்பரும் பாருங்கள். அவை நன்றாக இருந்தால் சென்டர் பேரிங் பிராக்கெட்டுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஸ்பேசர் வைத்துக் கொஞ்சம் இறக்குங்கள், 10 மி.மீ.யில் தொடங்கிப் பாருங்கள். அதற்கும் போகவில்லையென்றால் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்பு வைத்துப் பினியன் கோணத்தைத் திருத்த வேண்டும்.

அலைன்மென்ட் செய்தீர்களா? முன்னால் உயர்த்தினால் கேம்பர் (வீலின் மேல்பக்கச் சாய்வு) வெளிப்பக்கம் சாயும், டோவும் (வீல்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) மாறும், புது டயரின் வெளி ஓரத்தைத் தின்றுவிடும்.

செம்மண்தடம்

சென்டர் பேரிங் 12 மி.மீ. இறக்கினேன், நடுக்கம் போய்விட்டது. யூ போல்ட்டை கொஞ்சம் ஓட்டிய பிறகு மறுபடி டார்க் ரெஞ்ச் போட்டுப் பார்த்தேன், நாலில் மூன்று இறுகிக்கொண்டே போனது. இன்னொரு சில நூறு கிலோமீட்டர் கழித்து மறுபடி பார்க்கிறேன்.

அலைன்மென்ட்டுக்குப் போன இடத்தில் செய்ய மறுத்துவிட்டார்கள். ஐட்லர் ஆர்ம் (ஸ்டீயரிங் இணைப்பைத் தாங்கும் கை) ஆடுகிறதாம், வீலைப் பிடித்து ஆட்டிக் காட்டினார்.

கிரீஸ்கை

நேர்மையான ஆள், அவரிடமே போங்கள். இந்த வண்டிகளில் பெரிய டயர் போட்டதும் முதலில் கை தூக்குவது ஐட்லர் ஆர்ம்தான். அதை மாற்றும்போது டை ராட் எண்ட் நாலையும் ஆட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் ஒரே நாளில் போட்டு, அதே கையோடு அலைன்மென்ட் செய்துவிடுங்கள். அதுவரை வேகம் வேண்டாம்.